இருப்புச் சரிபார்ப்பு

ஏணி மேல் மொக்கராசு அண்ணன்.
கீழே நான், பேரேடும் சிவப்புப் பேனாவும்.
"ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு."
இருக்கு.
"பதிமூணு."
இருக்கு.
"பதினாலு... பொறு, முதுகுல எழுத்தே இல்ல."

மார்ச் முடிவதற்குள்
ஆய்வேடுகள் அத்தனையும் எண்ணி முடிக்க வேண்டுமாம்.
மேல்மாடி, வடக்குப் பக்கம். மின்விசிறி ஒன்று,
அதுவும் நினைத்தால் சுற்றும்.
சன்னலுக்கு வெளியே நாகமலை
வெயிலில் மல்லாந்து கிடக்கிறது.
அதைப் பற்றியும் ஒன்று இருக்கிறது:
தென்சரிவின் எறும்புகள்,
இருபத்தேழு இனங்கள், மூன்று மழைக்காலங்கள்.
எழுதியவர் பெ. வில்லாயுதம்.
எறும்புக்குச் சர்க்கரை வாங்கிய ரசீதைக்கூடப்
பின்னிணைப்பில் ஒட்டியிருக்கிறார்.

கணிதத்தில் மரங்களைப் பற்றி ஒன்பது பேர்.
புரட்டிப் பார்த்தேன், ஓர் இலை இல்லை.
புள்ளி, கோடு, புள்ளி.
ஒருவர் மட்டும் நன்றியுரையின் கடைசி வரியில்
விடுதி வாசல் வேம்பைச் சேர்த்திருக்கிறார்.

மேலாண்மையில் எல்லாம் வாடிக்கையாளர் மனநிறைவு.
திருமங்கலத்து வங்கிகளில், மேலூர் வங்கிகளில்,
சோழவந்தான் கூட்டுறவுக் கடையில்.
முப்பத்தொன்று எண்ணியதும் அண்ணன் ஏணியிலிருந்தே கேட்டார்:
"இத்தன பேரு திருப்தியாவா இருந்தாய்ங்க நம்மூர்ல?"

பழ ஈயின் ஒரே ஒரு மரபணுவுக்கு எட்டு வருடம்.
அதை ஒட்டி உசிலம்பட்டி வட்டார ஒப்பாரிகள்,
உறைக்குள் ஒலிநாடா இரண்டு;
போட்டுக் கேட்க இந்தக் கட்டடத்தில் கருவி இல்லை.
அழுதவர்கள் உள்ளே சுருண்டிருக்கிறார்கள்.
மடைக்கல்வெட்டுகள். பருத்திக் காய்ப்புழு.
கரையானின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள்:
அந்த அடுக்கில் அதை மட்டும் கரையான் தொடவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி.
"ரெண்டாயிரத்து முந்நூத்தி நாப்பத்தாறு.
ஒட்டுனது கிழிஞ்சிருக்கு, தொறந்து பாரு."
பொருளியல்.
கீழமாரட் வீதி வெங்காய மண்டிகளில்
சுமைதூக்குவோரின் வருவாயும் கடன் சுமையும்.
சு. ரெஜினாமேரி.

அப்பா மூட்டை தூக்கியது அங்கேதான்.
ஒருநாள் ராத்திரி, சட்டையைக் கழற்றியபடி சொன்னார்:
கோப்பும் கையுமாக ஒரு பிள்ளை வந்தது,
டீ வாங்கிக் கொடுத்தது,
"எத்தன மூட்ட, எத்தன வட்டின்னு
என்னையும் ஒரு ஆளா உக்காரவச்சுக் கேட்டுச்சு."
அம்மா அடுப்பைப் பார்த்தபடியே,
"கணக்கச் சொன்னியா, கதைய விட்டியா?"

தகவலாளர் நூற்றிருபது பேர்.
பெயர் ஒன்றும் இல்லை.
அட்டவணை நான்கு புள்ளி ஏழில்
எல்லோரும் சதவீதமாகியிருக்கிறார்கள்.
தினவட்டிக்கு வாங்கியோர் அறுபத்தெட்டு புள்ளி மூன்று.
இடுப்பு வலி உள்ளோர் எழுபத்தைந்து.
பிள்ளைகளைப் படிக்கவைக்க விரும்புவோர் நூறு.
வேறு வேலை கிடைத்தால் போவீர்களா என்பதற்கு
பதில் தராதவர் ஒருவர்.
புள்ளி எட்டு.

பிடிக்காத கேள்வி வந்தால் அப்பா
துண்டை ஒருமுறை உதறி
அடுத்த தோளுக்கு மாற்றிக்கொள்வார்.
ரெஜினாமேரி அதை எந்தக் கட்டத்தில் குறித்திருப்பார்?
வேறு யாராவது இருக்கலாம்.
நூற்றிருபது பேருக்கும் துண்டு இருந்திருக்கும்.
அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே
எவ்வளவு நேரம் நின்றேனோ.

பின்னட்டையில் கடன் சீட்டு. தேதி ஒன்றுகூட விழவில்லை.
எனக்கும் தர மாட்டார்கள்,
தற்காலிகப் பணியாளருக்கு அட்டை கிடையாது.

"ஏம்மா பேச்சி, இருக்கா இல்லையா?"

இருக்கு என்றேன்.
சிவப்புக் கோடு கட்டம் தாண்டி
அடுத்த எண்ணுக்குள் இழுத்துவிட்டது;
அங்கே உப்பளப் பாசிகள்,
அண்ணன் இன்னும் கூப்பிடவில்லை.